கல்தோளன் மலையைத் தாங்கவில்லை

ஒக். 5, ஞாயிறு

காலை வெயில். இரண்டு மணிக்குமேல் மழை.

நடந்த அநியாயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். முப்பது வருஷமாக ஓர் உயிரையும் சாகவிடாத படக்கதை வீரன் கல்தோளன், புதுப் புத்தகத்தில் ஒரு சுரங்க ஊர் முழுவதையும் மண்ணுக்குள் போகவிட்டான். முடியாமல் அல்ல. மலை சரிகிறது. எதிர் மேட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். "இவர்களைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது" என்கிறான். பதினொரு பக்கம், கறுப்பும் சாம்பலும். கெட்டி அட்டை. பின்னால் பத்துப் பேருடைய பாராட்டு.

அதைச் செல்லையாவுக்கு வாசிக்கவேண்டி வந்தது என் தலையெழுத்து.

தெமோதரைத் தேயிலைத் தொழிற்சாலையில் நான் ஃபிட்டர், அவன் ரோலர் அறை. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன், மிச்சத்தைப் படக்கதைகளில் படித்துக்கொண்டேன். அவனுக்கு எழுத்தே தெரியாது. நான் வாசிப்பேன், அவன் படம் பார்ப்பான். இரண்டு வருஷமாக இரண்டு கண்ணிலும் புரை. படமும் போய், என் வாய் மட்டும்.

எங்கள் முறை ஒன்று உண்டு, தொழிற்சாலை நாளிலிருந்து. கடைசி அத்தியாயத்துக்கு முன் புத்தகத்தை மூடவேண்டும். கேட்கிறவன் முடிவைச் சொல்லவேண்டும். பிறகுதான் பக்கம் திரும்பும். தப்பாகச் சொன்னவன் எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றவேண்டும். வாசிக்கிறவனும் முன்கூட்டிப் பார்க்கக்கூடாது.

இன்று செ. சொன்னான்: "முதுகக் குடுப்பான்ண்ணே. மலைக்கு முதுகக் குடுத்துட்டு, புள்ளைங்க எல்லாம் வெளிய போற வரைக்கும் நிப்பான்."

பக்கத்தைத் திருப்பினேன். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

செ.யின் ஒரே மகன் மண்சரிவில் போனவன். உடல் கிடைக்கவில்லை. அவனுடைய இந்த வீடே அதற்குப் பிறகு அரசாங்கம் கொடுத்த வீடு.

முதுகைக் கொடுத்ததாக வாசித்தேன். பதினொரு பக்கமும் நானாகச் சொன்னது.

"நான் சொல்லல?" என்றான் செ. முகத்தைத் துடைத்துக்கொண்டான். நானும்தான். அவனுடைய தங்கச்சி பாக்கியம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "பொம்மப் பொஸ்தகத்துக்கு ரெண்டு கெழவனும் அழுவுறதப் பாரு."

4.10 பஸ். நனைந்தேன்.

ஒக். 7, செவ்வாய்

பதுளை. பிரஷர் மாத்திரை. டோர்ச் பற்றரி. பிறகு புத்தகக் கடை, நடராசா முதலாளி.

"என்னங்க இது?" என்று புத்தகத்தை மேசையில் வைத்தேன்.

"அது பெரியவங்களுக்கான கதைங்க ஐயா."

"எனக்கு எழுபத்திரண்டு. இன்னும் எவ்வளவு பெரியவனாகணும்?"

சிரித்தார். பரிசெல்லாம் வாங்கின புத்தகம், உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னார். சுவர் ஓரமாக நின்ற ஒரு பள்ளிக்கூட மாஸ்டர் சேர்ந்துகொண்டார். "எல்லாரையும் எப்பவும் காப்பாத்திக்கிட்டே இருந்தா அது சின்னப் பிள்ளைக் கதை. ஒலகம் அப்படியா இருக்கு?"

"ஒலகம் எப்படி இருக்குன்னு எங்களுக்குத் தெரியும் சேர். அதுக்கு ஒருத்தன் பறந்து வந்து சொல்ல வேண்டியதில்ல."

நடராசா மெதுவாக, "ஒங்களமாரி இன்னும் மூணு பேரு வந்து ஏசிட்டுப் போயிட்டாங்க" என்றார். மூன்று பேர். குறித்துக்கொண்டேன்.

செ.க்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கினேன், வியாழன் அவனுக்குக் கண் ஒப்பரேஷன். கண்ணாடியைக் கையில் வாங்கியபோதுதான் உறைத்தது. கண் தெரிந்தால் படத்தைப் பார்ப்பான்.

ஒக். 9, வியாழன்

பெரியாஸ்பத்திரி. ஆறரைக்கே வரிசை. செ., பாக்கியம், நான். முதலில் வலக்கண் மட்டும். வாங்குப் பலகையில் பக்கத்தில் இருந்த அம்மாள் யாரிடமோ போனில்: "இல்லடி, கண்ணத் தனியா எடுக்கிறதில்லையாம், இருந்த எடத்துலயே வச்சுத்தான் செய்வாங்களாம்."

உள்ளே போகுமுன் செ. என் கையைப் பிடித்தான். "கட்டு அவுத்ததும் அந்தப் பக்கத்தத்தான் பாக்கணும்ண்ணே. முதுகு குடுக்கிறத எப்படி வரைஞ்சிருக்கான்னு."

"மொதல்ல தங்கச்சி மொகத்தப் பாரு" என்றேன்.

"அத அறுபது வருசமாப் பாத்தாச்சி."

"நீ மட்டும் என்ன, பாக்கிற மாதிரியா இருக்க" என்றாள் பா. அழுதுகொண்டுதான் சொன்னாள்.

பன்னிரண்டுக்கு வெளியே வந்தான். நல்லபடி.

ஒக். 10, வெள்ளி

கட்டு அவிழ்த்தாயிற்று. பா. போன் செய்தாள். சுவரில் ஓடின பல்லியைக் காட்டினானாம். புத்தகம் எங்கே என்கிறானாம்.

செய்யக்கூடியவை: தொலைந்தது எனலாம். யாரோ இரவல் கொண்டுபோனார் எனலாம். பதினொரு பக்கத்தைக் கிழிக்கலாம். மூன்றும் சரிவரவில்லை. புத்தகத்தைக் கிழிக்கிற கை எனக்கு இல்லை.

நான் செய்தது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. முப்பது வருஷம் ஒருவனை நம்பவைத்துவிட்டு நடுவில் ஆளை மாற்றியவன் எழுதினவன்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. பருப்பில் உப்பு இல்லை, அதனாலும் இருக்கும்.

ஒக். 11, சனி

மலையில் புகார் மூட்டம். மழை இல்லை. புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

செ. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வாசலடியில் இருந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தான். நெடுநேரம்.

"முதுகு எங்கண்ணே?"

"இல்ல."

"அப்ப நீங்க வாசிச்சது?"

"நீ சொன்ன முடிவ வாசிச்சேன். அதுதான் சரியான முடிவு."

"சரியா தப்பான்னு கேக்கல. பொஸ்தகத்துல இருந்துச்சா?"

"இல்ல."

தலையை ஆட்டினான். திரும்பவும் கடைசிப் படத்துக்குப் போனான்.

"மண்ண சரியாத்தான் வரைஞ்சிருக்கான். அப்படித்தான் இருக்கும். தகரம் மட்டும் வெளிய தெரியும். ஆனா இது மறுநாள் விடிஞ்சிருக்குல்ல? ஒருத்தனக் காணோமே."

எனக்குப் புரியவில்லை.

"எங்களுக்குப் பக்கத்துத் தோட்டமெல்லாம் மம்பட்டியோட வந்துச்சி. கீழ ஊரு சிங்கள ஆளுங்க சோத்துப் பார்சல் கட்டிக்கிட்டு வந்தாங்க. நீங்களே வந்தீங்க. பறக்கிறவன் வராட்டிப் போறான். தோண்டக்கூடவா ஆள் இல்ல அந்த நாட்டுல? பொய்யத்தான் எழுதியிருக்கான்."

உண்மை. நான் மூன்று நாள் தோண்டினேன். எங்கும் எழுதியதில்லை. இந்தப் புத்தகத்தை நாலு தரம் பார்த்தும் இது என் கண்ணில் படவில்லை. கல்தோளனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

"கடையில இத மாஸ்டர்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றேன்.

"கடைய விடுங்க. எனக்கு ஏன் இட்டுக்கட்டினீங்க? கண்ணுதாண்ணே தெரியல. மண்ணு விழுந்தத நின்னு பாத்தவன் நான். படத்துல விழுந்தா தாங்க மாட்டேனா?"

பா. குறுக்கே வந்தாள். "ஒன் நல்லதுக்குத்தானே செஞ்சாரு."

"அதத்தான் சொல்றேன். இனி இவரு எத வாசிச்சாலும் இருக்கிறதா, எனக்காகச் சொல்றதான்னு நான் எப்படி நம்புறது?"

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் புத்தகம் சரி என்றாகிவிடும். நாளைக்கு வாங்க என்று அவன் சொல்லவில்லை. வராதீங்க என்றும் சொல்லவில்லை. பஸ் வரை நடந்தேன். கால் வலி.

ஒக். 12, ஞாயிறு

ஏழு மணி. பளிச்சென்ற வெயில். அவரவர் செய்யவேண்டியவை:

எழுதினவர், வரைந்தவர்: அடுத்த பதிப்பில் கடைசிப் படத்தில் ஆட்களைப் போடவேண்டும். மம்பட்டியோடு. பத்துப் பேராவது.

சென்னைப் பதிப்பகம்: என் கடிதத்தை வெட்டாமல் வாசகர் பக்கத்தில் போடவேண்டும். மூன்று பக்கம் எழுதியாயிற்று, பிழை பார்க்கவேண்டும்.

நடராசா: வாங்குகிறவரிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று முன்னாலேயே சொல்லவேண்டும். அந்த மூன்று பேரிடமும் கடிதத்துக்குக் கையெழுத்து வாங்கித் தரவேண்டும்.

பா.: சொட்டு மருந்து, ஒரு நாளைக்கு நான்கு தரம். அவனாக ஊற்ற விடக்கூடாது. குனிய விடக்கூடாது.

நான்: 8.40 பஸ். பதினொரு பக்கம், அச்சில் உள்ளபடி, ஒரு சொல் கூட்டாமல் வாசிக்கவேண்டும். அவன் விரல் படத்தின்மேல் இருக்கட்டும்.

செ.: கதவைத் திறக்கவேண்டும்.