லினக்ஸும் ஒரு கிண்ணம் சந்தனமும்

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். காலையிலேயே கரண்ட் கட். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் அவ்வளவு கரண்ட் காய்ச்சுகிறார்கள். கும்மிடிப்பூண்டி வந்து சேர்வதற்குள் ஆறிவிடுகிறது போல.

தபாலில் சிடி வந்துவிட்டது. கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ், புதுப் பதிப்பு, இலவசம். பழையதில் தமிழ் எழுத்துக்குக் கால் ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கம். இதில் சரியாகிவிடுமாம்.

அக்கா மோப்பம் பிடித்துவிட்டாள். அவளுடைய காலேஜ் ப்ராஜெக்ட் முழுக்க இந்தக் கம்ப்யூட்டரில்தான். வேறு நகல் கிடையாது. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் அதுல கை வெச்ச, கைய ஒட்ச்சிடுவேன்."

போன வாரம் "எல்லாக் கோப்புகளும் அழிந்தன" என்று ஒரு கறுப்புப் படம் செய்து திரையில் போட்டுவைத்தேன். அழுதே விட்டாள். அந்தக் கடுப்பு.

அக். 8, புதன்

ஆயுத பூஜை. அப்பாவின் கம்பிக் கம்பெனியிலிருந்து பொரி, சுண்டல். வீட்டில் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு சுற்றுப்பயணம். பொட்டு பெற்றோர்: ஸ்பேனர், சைக்கிள், மிக்சி, மானிட்டர், தூங்கிக்கொண்டிருந்த நான்.

இன்று எதையும் தொடக் கூடாது. சிடியும் சாமி படத்துக்கு முன்னால். கை அரிக்கிறது.

அக். 9, வியாழன்

விஜயதசமி. எதையும் தொடங்க நல்ல நாள். அக்கா தோழி வீட்டில். இதைவிட நல்ல நேரம் ஏது? சிடியை எடுத்துப் போட்டேன். உள்ளே மாவு மில் சத்தம். புதுசு, உழைக்கிறது என்று நினைத்தேன்.

பாதிக்கு மேல் போய் நின்றது. அசையவே இல்லை. அணைத்துப் போட்டேன். கறுப்புத் திரை. மூலையில் ஒரு கோடு மட்டும் கண்ணடித்தது.

அக்கா வந்தாள். பார்த்தாள். சிரித்தாள்.

"போன வாரத்துப் படமா? புச்சா எதுனா போடுறா."

"சத்தியமா இது நெஜம்க்கா."

"போன வாரமும் சத்தியம் பண்ண."

கீபோர்டைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். முகம் வெளுத்துவிட்டது.

சிடியை வெளியே எடுத்துத் திருப்பினேன். பளபளப்பில் மூன்று பொட்டு. சந்தனம், மேலே குங்குமம்.

"யம்மா! இன்னாம்மா பண்ணி வெச்சிக்கிற?" அக்கா கத்தினாள்.

"பொட்டு வெச்சேன். இன்னா இப்போ?"

"இந்தப் பக்கமா வெப்பாங்க?"

"பளபளன்னு கீதே, அதாண்டி மொகம். மொகத்துல வெக்காம முதுவுலயா வெப்பாங்க?"

அப்பா, பொரி வாயோடு: "ப்ராஜெக்ட் வரல, நாளைக்கே என்கூட வந்து கம்பி தூக்குற." அப்கிரேடு போய் அப்பாகிரேடு.

அம்மா சிடியைக் கழுவக் கொண்டுபோனாள். கையில் தேங்காய் நார்! பாய்ந்து பிடுங்கினேன். சோப்பு நுரை, விரல், பழைய பனியன். டிரைவுக்குள் பஞ்சு விட்டுத் துடைத்தேன். மறுபடி முதலிலிருந்து. பழைய கோப்புகளை வைத்துக்கொள்ளவா என்று கேட்டது. ஆமாம், ஆமாம், ஆமாம். முடியும்வரை அக்கா என் சட்டைக் காலரைப் பிடித்தபடி நின்றாள்.

திறந்தது. ப்ராஜெக்ட் இருந்தது. தமிழ்கூட கால் கொம்போடு, முழுசாக. காலரை விட்டாள். உடனே தலையில் ஒரு குட்டு.

அக். 10, வெள்ளி

மேகமூட்டம். ப்ராஜெக்டைச் சிடியில் எழுதியாகிவிட்டது. ரயிலுக்கு நேரமாகியும் அக்கா கிளம்பவில்லை. சாமி படத்துக்கு முன்னால் நின்று, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிடியில் குங்குமம், துளியூண்டு. பெயர் எழுதின பக்கத்தில். படித்தவள்.

கதவோரம் நின்ற நான் சிரித்துத் தொலைத்தேன்.

"இங்க வாடா."

என்னைத் திருப்பி நிறுத்திப் பிடரியில் ஒரு பொட்டு வைத்தாள்.

"மொகத்துல வெச்சா நீயும் ஓடமாட்ட. பையத் தூக்கினு டேஷனுக்கு ஓடு!"