கஷ்டமான பேப்பர் வேண்டி

நவம்பர் 7

அடியே என் உருண்டைத் தங்கச்சி, உன் மகள் காலையிலிருந்து என்னோடு பேசவில்லை.

நேற்று கீழக்குயில்குடி அய்யனார் கோயிலுக்குப் போயிருந்தேன். தமிழ்வாணிக்குப் பரீட்சைப் பேப்பர் ஈசியாக வரவேண்டும், வந்தால் பொங்கல் வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். பெருமையாக வந்து சொன்னால் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஈசியாக் கேளுங்கன்னு உங்கள யாரு பெரியம்மா சொன்னா? ஈசியா வந்தா எல்லாரும் எழுதிருவாங்க. இதுல எத்தன பேர முந்துறோம்கறதுதான் கணக்கு. கஷ்டமா வந்தாத்தான் எனக்குப் பொழப்பு."

நான் அஞ்சாங்கிளாஸ். நான் படித்த காலத்தில் கணக்குக் கஷ்டமாக வந்தால் பிரம்படிதான் கிடைத்தது. ஒருவேளை காலம் மாறியிருக்கும்.

நவம்பர் 8

பக்கத்து வீட்டு நாகஜோதி என்ன பரீட்சை என்று கேட்டாள். கேட் என்றேன்.

"ரயில்வே கேட்டா? அதுக்கு ஏன்க்கா இம்புட்டுப் படிப்பு? ரயிலு வந்தா அடைக்கணும், போனாத் தொறக்கணும்."

கம்பெனியை நடத்துகிற படிப்புக்கான பரீட்சை என்று சொல்லிப் பார்த்தேன். ரயில்வேதான் நல்லது, பென்ஷன் வரும் என்கிறாள்.

நவம்பர் 12

பழக்கடையை மத்தியானமே மூடிவிட்டு, சிம்மக்கல்லில் பஸ் ஏறித் திரும்பவும் கோயிலுக்குப் போனேன். வேண்டுதலை மாற்ற வேண்டும் என்று பூசாரி விருமாண்டி அண்ணனிடம் சொன்னேன்.

"என்னன்னு மாத்தணும்?"

"பேப்பர் கஷ்டமா வரணும்ணே."

"அடுத்தவுக புள்ளைகளுக்குமா?"

"அவுகளுக்கும் சேத்துத்தான். இல்லாட்டி வேலைக்காகாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தன வருசத்துல கஷ்டத்தக் குடுன்னு கேட்டு வந்த மொத ஆளு நீதான் தாயி. பொங்கல்ல சக்கரையக் கூடப் போடு. சாமிக்கே தல சுத்தும்."

திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டேன். அவள் பாஸாகிவிட்டால் வெளியூர். வீட்டில் நானும் டிவியும்தான். நீயும் இல்லை. அதையும் சேர்த்துத்தானே வேண்டிவிட்டு வந்திருக்கிறேன்?

நவம்பர் 30

பரீட்சை. ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு காலேஜ். கம்மல், கொலுசு எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள். கொலுசை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

மரத்தடியில் எனக்குப் பக்கத்தில் சோழவந்தான் டீச்சரம்மா, பெயர் ஆனிமேரி. மகன் ஜோ உள்ளே எழுதுகிறான். கையில் ஜெபமாலை.

"பேப்பர் ஈசியா வரணும்னு ஜெபம் பண்றேன். நீங்களும் வேண்டிக்கங்க."

"வேண்டியாச்சுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? தன் எலுமிச்சை சாதத்தில் பாதியைக் கொடுத்தார். அதையும் வாங்கித் தின்றேன்.

கதவு திறந்தது. முதலில் வந்த பையன் யாரையும் பார்க்காமல் பைக்கை உதைத்தான். அடுத்து ஒரு பெண், "எதுவும் கேக்காதீங்கப்பா" என்றது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அய்யனார் காது கொடுத்துவிட்டார். அப்புறம் ஜோ வந்தான். அம்மாவைவிட உயரமாக இருக்கிறான், அவர் தோளில் முகத்தை வைத்து அழுகிறான். என் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. பையிலிருந்த வாழைப்பழம் இரண்டையும் அவன் கையில் திணித்தேன்.

தமிழ்வாணி சிரித்துக்கொண்டே வந்தாள். "செம கஷ்டம் பெரியம்மா."

டிசம்பர் 2

செல்லில் வீடியோ போடுகிற ஒரு வாத்தியார், காலையில் எழுதியவர்களுக்குத்தான் பேப்பர் ரொம்பக் கஷ்டம், அதனால் அவர்களுக்கு மார்க்கைக் கூட்டிக் கொடுப்பார்கள் என்கிறார். இவள் எழுதியது மத்தியானம். சோற்றைத் தொடவில்லை.

"எந்த வேளைன்னு அய்யனார்ட்ட சொல்லாம விட்டுட்டேன்டி. அவரு காலையிலயே குடுத்துட்டாரு போல" என்றேன்.

பல் தெரியச் சிரித்தாள். நீ போன பிறகு இப்படி வாய்விட்டுச் சிரித்தது இன்றைக்குத்தான்.

டிசம்பர் 24

வந்துவிட்டது. தொண்ணூற்று நாலு.

"ஆறு மார்க்கு எங்கடி போச்சு?"

"மார்க்கு இல்ல பெரியம்மா. நூறு பேர்ல தொண்ணூத்தி நாலு பேரு எனக்குப் பின்னால."

அந்தப் பின்னால் நிற்கிறவர்களில் ஜோவும் இருப்பானே என்று மனசு கேட்கவில்லை. மரத்தடியில் வாங்கிவைத்த நம்பருக்குப் போன் போட்டேன்.

"தொண்ணூத்தி ஏழுங்க" என்றார் ஆனிமேரி. "நம்ம ஜெபம் வீண் போகல. பேப்பர் ஈசிதானாம்."

அழுத பயல் தொண்ணூற்று ஏழு. சிரித்தவள் தொண்ணூற்று நாலு. மூஞ்சியைப் பார்த்து எடை போடுவதை இன்றோடு விட்டேன்.

மார்ச் 3

பெரிய இடங்கள் கூப்பிடவில்லை. திருச்சியில் ஒரு காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. நல்ல காலேஜ்தானாம். ஆனால், "அடுத்த வருசம் திரும்ப எழுதுறேன் பெரியம்மா, இப்பப் போனா நீங்க தனியாக் கெடப்பீங்க" என்கிறாள்.

"நான் பாட்டுக்கு டிவி பாப்பேன். நீ போடி" என்றேன்.

சரி, இங்கேயே இரு என்று சொல்லிவிடலாம்தான். நாக்கு நுனி வரை வந்தது. கடையில் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 8

பொங்கல் வைத்தாயிற்று. சர்க்கரை கூடத்தான்.

ஜூன் 14

ஹாஸ்டலில் விட்டுவிட்டு இப்போதுதான் வந்தேன். திருச்சி ஒன்றும் தூரமில்லை, மூன்று மணி நேரப் பஸ். எல்லாம் நல்லபடியாக நடந்தது. அறை நல்ல அறை, காற்று வருகிறது. கூட இருக்கிற பெண் தேனிக்காரி. "பெரியம்மா, கைய விடுங்க, உள்ள கூப்பிடுறாங்க" என்று தமிழ்வாணி சொன்ன பிறகுதான் தெரிந்தது, இன்னும் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று. விட்டேன். ஒரு கையை விடுவதற்கு இம்புட்டுத் தெம்பு வேண்டியிருக்கிறது.

நீ போன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் கையை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாயே. உருண்டை, உனக்கு எம்புட்டுக் கஷ்டமா இருந்துச்சு?