ஓரிக்கைக்கு வராத இருநூற்றுப் பதினைந்து

பங்குனி 3, செவ்வாய்
காலையிலேயே சுள்ளென்று வெயில். கடையில் வால்வு ரேடியோ இரண்டு, இஸ்திரிப் பெட்டி ஒன்று. எதிலும் கை ஓடவில்லை. ஓரிக்கையிலிருந்து அக்கா வீட்டுக்காரர் வந்தார். வோல்டேஜ் குறைந்தால் அவர் கிணற்று மோட்டார் எரிந்துபோகாமல் நிறுத்திவிட நான் செய்து கொடுத்த லோ வோல்டேஜ் பெட்டி தொல்லையாம், கையோடு கொண்டு வந்திருந்தார்.

"டகடகன்னு அடிச்சிக்கினே இருக்குது மச்சான். மோட்டார் ஓடுதா நிக்குதான்னே தெரியலபா."

காரணம் தெரிந்ததுதான். 180 வோல்டுக்குக் கீழே போனால் பெட்டிக்குள் ரிலே கரண்டை வெட்டுகிறது. மோட்டார் நின்றதும் வோல்டேஜ் ஏறுகிறது. 184-ல் மறுபடி சேர்க்கிறது. சேர்த்த உடனே இறக்கம். வெட்டுவதற்கும் சேர்ப்பதற்கும் இடைவெளி போதாது.

பங். 4
அந்த இடைவெளியை வைப்பது ஃபீட்பேக் ரெசிஸ்டர், 100 கே. கழற்றினேன். குறைத்தால் இடைவெளி கூடும். 39 போடலாமா, 22-ஆ? எதற்கு வம்பு, 22. பிரீசெட் திருகாணியைத் திருகி 180-ஐத் திரும்பப் பிடித்தேன். வெட்டுவது 180, சேர்ப்பது 215. கடையில் ஓட்டிப் பார்த்தேன், டகடக சத்தமே இல்லை.

"இனிமே தொந்தரவே இருக்காது மாமா." பெரிய இவன் மாதிரி சொல்லி அனுப்பினேன். ஈயக்கம்பி வாங்க வேண்டும்.

பங். 9
மோட்டார் எரிந்துவிட்டதாக ஆள் வந்தது. தெருவில் நெசவுக்குப் பாவு நீட்டியிருந்தார்கள், முனை வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனேன். கிணற்றடியில் கருகல் நாற்றம். மீட்டர் வைத்தேன்: 198.

மாமா தலை நிமிரவில்லை. "ஒருவாட்டி நின்னுதுன்னா பகல் பூரா எழுந்துக்கவே மாட்டேங்குது. நெல்லு பால் புடிக்கிற நேரம், எத்தினி நாள் பாத்துக்கினு இருக்கிறது? பொட்டிய வுட்டுட்டு ஒயர நேரா சேத்துட்டேன்."

அந்த ஊருக்கு 215 வரவே வராது. லைனில் கடைசிக் கம்பம். நான் பார்த்ததெல்லாம் கடைக்கு வரும் காஞ்சிபுரத்துக் கரண்டு. ரெசிஸ்டரைத் தொடுமுன் மீட்டரோடு ஒரு நடை போயிருக்கலாம். மரமண்டை.

பங். 10
பெட்டியைக் கடைக்கு எடுத்து வந்து 39 கே போட்டேன். 180, 195. கச்சிதம். இப்போது யாருக்கு? எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டுபவர் ஒரு வாரம் ஆகும் என்கிறார். அதுவரை பயிர் தாங்காது.

பங். 11
அக்கா வந்தாள். திட்டுவாள் என்று இருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. மோர் கேட்டு வாங்கிக் குடித்தாள். பிறகு மெதுவாக:

"மாமா தெரியாம ஒயர மாத்திட்டாருபா. அதுல உன் பொட்டிக்கு எதனா ஆயிடுச்சா?"

"ஒண்ணும் ஆகலக்கா."

"அப்பாடா" என்றாள்.