பதினொன்றுக்கு மேல் விழ வேண்டும்

ஜூன் 27, வெள்ளி

அக்கா குறட்டை விட ஆரம்பித்த பிறகுதான் இதை எடுத்தேன். போர்வைக்குள் டார்ச். இந்த நோட்டு அவள் கையில் சிக்கினால் நாளைக்குச் சாப்பாட்டு மேசையில் ராகம் போட்டு வாசிப்பாள்.

நாளை புது ஆட்டம் தொடங்குகிறது. உட்கார்ந்த இடத்திலேயே கதை சொல்லி ஆடுவது; கதையை நடத்துவது நான். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு வேடம். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு இருபது முகப் பகடை. அதனால் எல்லாருக்கும் நானே உருட்டிச் சொல்வதுதான் எங்கள் வழக்கம். ஆபத்தில் மாட்டியவளுக்குப் பதினொன்றுக்கு மேல் விழுந்தால் தப்பிக்கலாம்.

போன ஆட்டத்தில் என் தோழி ஊசி நடித்த வைத்தியக்காரி செத்துப்போனாள். நான்கு விழுந்தது, நான் என்ன செய்ய? ஊசி எழுந்து போனவள்தான், நான்கு மாதம் பேச்சில்லை. பள்ளி இருந்த நாளெல்லாம் ஆய்வகப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். போன வாரம் அவளே வந்து, "புதுசா ஆரம்பிக்கலாமா?" என்றாள். ஏன் என்று கேட்கப் பயம்.

இந்த முறை ஊசி சாகக் கூடாது. இன்னொரு நான்கு மாதம் என்னால் முடியாது.

ஜூன் 28, சனி

தலைவலி.

ஊசியின் அம்மா தையல்காரர். முன்னறையில் அவர் தைத்துக்கொண்டிருந்தார். பின்னறை எங்களுக்கு. துணி மூட்டைகள், பொத்தான் டப்பாக்கள், போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்காக முன்பக்கம் சாய்த்து மாட்டிய ஆளுயரக் கண்ணாடி. அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே அரக்கன் குரலில் பேச முடியாது. பழைய காலண்டர் அட்டையை எதிரில் மறைப்பாக நிறுத்தினேன். இடது கைக்காரி என்பதால் பகடைக்கு இடப்பக்கம் தட்டு.

மூன்று வாரம் உட்கார்ந்து ஏழு தளக் கோட்டை வரைந்திருக்கிறேன். உள்ளே போனார்களா? இல்லை! வாசலில் ஒரு காவலாளி. காலையிலிருந்து நிற்கிறான் என்று பேச்சுவாக்கில் சொல்லித் தொலைத்தேன். உடனே வக்கீல் (எதற்கெடுத்தாலும் விதி கேட்பதால் அந்தப் பெயர்), "அப்போ அவனை மாத்திவிட யாரு வருவா? வாரத்துல லீவு உண்டா?" என்று ஆரம்பித்தாள். இரண்டு மணி நேரம். ராஜாவுக்கு மனு எழுதினார்கள். தூங்குமூஞ்சி அதில் கைநாட்டு வைத்துவிட்டு மூட்டையில் சாய்ந்து தூங்கினாள்.

கோட்டைக் கதவு இன்னும் மூடியே இருக்கிறது.

ஜூலை 5, சனி

உள்ளே போய்விட்டார்கள். போன நிமிடமே ஊசி ஒரு குழியில் குதித்தாள். அவளுடைய திருடிக்கு எந்த ஓட்டையைப் பார்த்தாலும் குதித்தாக வேண்டும். "அடியில என்ன இருக்குன்னு கேக்க மாட்டியா?" என்றேன். "குதிச்சா தெரிஞ்சுடும்ல?"

ஒன்பது விழுந்தது. பதினாறு என்றேன்.

ஊசி சிரித்தாள். போதும்.

ஜூலை 12, சனி

இன்று மட்டும் ஐந்து பொய். ஊசி கயிற்றுப் பாலத்தில் ஓடினாள். பாம்பைத் தட்டி எழுப்பினாள். நான் இங்கே பொய் சொல்லிக் காப்பாற்றுகிறேன், அவள் அங்கே பயமே தெரியாதவள் மாதிரி குதிக்கிறாள். என்னதான் வேண்டும் இவளுக்கு?

"பதினெட்டா? நல்லா பாத்தியா?" என்றாள் வக்கீல்.

"பாத்தேன்டி. கண்ணு இருக்கு எனக்கு."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தூங்குமூஞ்சி இரண்டு வாரமாகத் தூங்கவே இல்லை. உலக அதிசயம்.

ஜூலை 13, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டார்களோ? எப்படி முடியும், அட்டை இருக்கிறதே.

ஜூலை 19, சனி

எழுத்து கோணல் மாணலாக வருகிறது, வரட்டும்.

நாலாவது தளத்தில் கிணறு. "குதிக்கிறேன்" என்றாள் ஊசி. கத்தியே விட்டேன்: "செத்துப்போவடி!"

முன்னறையிலிருந்து அவள் அம்மா, "யாருடி சாகுறா? சாகுறதுக்கு முன்னாடி அந்தப் பொத்தான் டப்பாவை எடுத்துக் குடுத்துட்டுச் சாகச் சொல்லு!" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. உருட்டினேன். ஐந்து. "பதிமூணு," என்றேன்.

"பின்னாடி திரும்பிப் பாரு," என்றாள் ஊசி.

திரும்பினேன். கண்ணாடி. அதில் என் முதுகு, இடது தோள், தட்டு, பகடை. எல்லாம் பளிச்சென்று.

"நம்பர் எல்லாம் திரும்பித் தெரியும். படிக்கப் பழகிட்டோம்," என்றாள் தூங்குமூஞ்சி. அதனால்தான் தூங்கவில்லையாம்!

"மொத்தம் ஏழு பொய்," வக்கீல். எண்ணி வைத்திருக்கிறாள், பாவி.

ஊசியிடம் உளறினேன்: "நீ மறுபடியும் போயிடுவன்னுதான்... நான் உன்னைக் கொன்னதாலதானே..."

"கொன்னதுக்கு யாருடி போனா?" ஊசியின் குரல் உடைந்தது. "அவ செத்தப்போ நீ சிரிச்ச. நான் அழறேன், நீ சிரிக்கிற. அதான்."

சிரித்தேனா? சிரித்தேன். பயம் வந்தால் எனக்குச் சிரிப்புதான் வரும், தேர்வுத்தாள் கொடுக்கும்போதுகூட. அதை அவளிடம் சொன்னேன். நம்பினாளா, தெரியவில்லை. அட்டையை எடுத்து மடித்து மூலையில் வைத்தாள்.

"நடுவுல உருட்டு. எல்லாருக்கும் தெரியுற மாதிரி."

"அஞ்சுதான் விழுந்துச்சே, அதையே—"

"பொய்யோட விழுந்தது கணக்கில்ல," என்றாள் வக்கீல். முதல் முறையாக அவள் விதி எனக்குப் பிடித்தது.

உருட்டினேன். இரண்டு. திருடி செத்தாள்.

சிரிப்பு தொண்டை வரை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். ரத்தம் வந்தது. அதை ஊசி பார்த்தாள். திருடி வேடத்தின் விவரம் எழுதிய காகிதத்தை நாலாக மடித்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான். நாங்கள் மூவரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினோம்.

ஜூலை 20, ஞாயிறு

ஒன்றுமில்லை. இரண்டு முறை போனைப் பார்த்தேன். பொய், இருபது முறை.

ஜூலை 21, திங்கள்

மதியம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு நேராக ஆய்வகப் படிக்கட்டுக்கே போனேன். பழகிய இடம்தானே.

ஊசி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உதட்டைக் காட்டச் சொன்னாள். "லூசு," என்றாள். பிறகு ஒரு புதுக் காகிதத்தை என் மடியில் போட்டாள். புது வேடம். பெயர் இன்னும் வைக்கவில்லை. மேலே கொட்டை எழுத்தில் ஒரே வரி: இவளுக்கு நீச்சல் தெரியும்.

"சனிக்கிழமை கண்ணாடிக்குத் துணி போட்டு மூடட்டுமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன்.