சிவக்கொழுந்து மச்சாள் தந்த மாத்திரை

3 யூன் 2024, திங்கள். வெள்ளவத்தை

காலையில் பத்திரிகைக்குச் செய்தி எடுக்கப் போன புதுக்கடை நீதிமன்றத்தில் படபடப்பு மீண்டும் வந்தது. நீதவான் உள்ளே வர எல்லோரும் எழுந்தார்கள், என்னால் முடியவில்லை. நெஞ்சு கட்டறுத்துக்கொண்டு ஓடியது. பிறகு தானாக நின்றது.

என் இதயத்தில் மின்சாரம் போக வேண்டிய பாதையோடு பிறவியிலேயே இன்னொரு பாதையும் இருக்கிறது. அதை அடக்கி வைப்பது ஒரு மாத்திரை. அது முடிந்துவிட்டது. பாமஸிக்காரர் பௌஸி கையை விரித்தார்: "ஷிப்மென்ட் வரல்லயே மிஸ். நான் என்ன செய்ய?"

அந்த மற்றப் பாதையைச் சுட்டுவிட்டால் மாத்திரையே வேண்டாம் என்கிறார் என் டாக்டர். தொடை வழியாகக் குழாய் விட்டு இதயத்தைச் சுடுவதா? ஐயோ, என்னால ஏலாது.

5 யூன்

கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் மாத்திரை இல்லை.

6 யூன்

கணவரின் அக்கா சிவக்கொழுந்து மச்சாள் வந்து தன் மாத்திரை அட்டையொன்றைத் தந்தார். "எனக்கும் உந்தப் படபடப்புத்தானே. இதைப் போடும். பிறகு என்னைக் கும்பிடுவீர்."

டாக்டர் வெளிநாட்டில். ஒருவர் மட்டும் சொன்னதை நான் அச்சுக்குக் கொடுப்பதில்லை. இரண்டாவது ஆள் வேண்டும். பத்திரிகையில் என்னோடு இருக்கும் மெல்ரோயிடம் மருந்தின் பெயரைச் சொன்னேன். அவனுக்கு டாக்டர் சிநேகிதர் ஒருவர் உண்டு. மாலையில் ஃபோன்: "படபடப்புக்கு நல்ல மருந்தாம் அக்கா. பயப்படாமப் போடுங்க."

இருவர் சொல்லியாயிற்று. போட்டேன்.

9 யூன், ஞாயிறு. ஆஸ்பத்திரி

நேற்று நெஞ்சு அடித்தது சீராகவே இல்லை — ஓடும், தடுக்கும், மறுபடி ஓடும். கண் இருண்டது. செத்துப்போறன் எண்டுதான் நினைச்சன். மின்அதிர்ச்சி கொடுத்து மீட்டார்களாம்.

வார்டு டாக்டர் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சரியான பாதையைத்தான் மந்தமாக்கும். அப்ப எல்லாம் மற்றப் பாதையாலதான் பாயும். உங்களுக்கு இது கூடவே கூடாது."

கட்டிலருகே மெல்ரோய். முகம் வெளிறியிருந்தது.

"உன்ர டாக்டரிட்ட என்னெண்டு கேட்டனி?"

"படபடப்புக்கு இது நல்லதான்னுதான் கேட்டேன் அக்கா."

மற்றப் பாதையைப் பற்றி நான் அவனிடம் சொல்லவேயில்லை. மச்சாளும் அவனும் பொய் சொல்லவில்லை. என் நோயைப் பற்றி இருவருமே பேசவில்லை.

10 யூன்

கண்ணை மூடப் பயம். மூடினால் இதயம் நின்றுவிடுமோ? சுடட்டும் என்று வார்டு டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

21 ஓகஸ்ட், புதன்

சுட்டாயிற்று. மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். இன்றுதான் மறுபடி புதுக்கடை. படிக்கட்டின் பாதியில் நின்று மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். சீராகத்தான் இருந்தது. விரலை எடுக்க மனம் வரவில்லை.

பின்னால் வந்த சட்டத்தரணி, "ஏறுங்கோ அக்கா, கேஸ் கூப்பிடப்போறாங்கள்," என்றார்.

ஏறினேன்.