வாசலுக்குள் அடங்கும் கப்பல்

ஜனவரி 9

இன்றைக்கு மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேருக்கும் "முடியாது". கப்பல் சமையல்காரருக்கு மேல்தளத்தில் ஒரு ஃப்ரீசர் வேண்டுமாம். "சின்னதுதான் மேடம்." ஏறுகிற எல்லாமே சின்னதுதான். யானையையா கேட்கிறார்கள்?

ஆபீசில் எனக்கு "முடியாது மேடம்" என்று பெயர். எனக்குத் தெரியாதென்று நினைப்பு. கேன்டீனில் நான் போய் உட்கார்ந்தால் அந்த மேஜையில் பேச்சு நின்றுவிடுகிறது.

ஜனவரி 10

நான் என்ன, ஆசைப்பட்டா சொல்கிறேன்? இந்த வகையில் நான்கு போர்க்கப்பல்கள். முதலாவது முடியும் தறுவாயில். பழுதுபார்க்க நான்கும் நுழைய வேண்டியது ஒரே டிரை டாக், தண்ணீரை வடித்துவிட்டு வேலை பார்க்கும் பெரிய தொட்டி. அதன் வாசல்தான் கப்பலின் அகலத்தை முடிவு செய்தது. நாங்கள் பென்சிலை எடுத்ததே அதற்கப்புறம். பக்கவாட்டில் பெருக்க வழியில்லாத கப்பலில் உயரத்தில் சுமையை ஏற்றிக்கொண்டே போனால், அலையில் சாய்ந்தது நிமிராது. அப்படி ஆகாமல் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

முன்பெல்லாம் இதை என் வீட்டுக்காரரிடம் சொல்வேன். பாதியிலேயே தூங்கிவிடுவார். அவர் கண்ணை மூடியபிறகு இந்த நோட்டுக்குச் சொல்கிறேன். இது தூங்குவதில்லை.

ஜனவரி 22

கப்பலை ஏற்கப்போகும் கேப்டன் வந்தார். கம்பத்தின் உச்சியில் ஓர் ஆன்டெனா வேண்டுமாம். இருந்தால் நடுக்கடலிலிருந்து மாலுமிகள் தினமும் வீட்டோடு பேசலாம். அரை டன். அதுவும் உச்சியில்! முடியாது என்றேன்.

"மாசக்கணக்கா கடல்ல கெடக்கிறவன், பொண்டாட்டி குரலைக் கேக்கணும்னு ஏங்குறான். உங்களுக்கு அதெல்லாம் புரியாது மேடம்."

"கப்பல் கவுந்தா எந்தக் குரலும் கேக்காது சார்."

எழுந்து போய்விட்டார்.

எனக்கா புரியாது? அவர் குரலை ஒரே ஒரு தடவை கேட்டாப் போதும்னு இருக்கு. "சாப்ட்டியா"ன்னு... ஒரு தடவை.

ஜனவரி 23

லீவு. தலைவலி என்று சொன்னேன். பொய்.

பிப்ரவரி 6

தலைமைப் பொறியாளர் கூப்பிட்டனுப்பினார். "ஆன்டெனாவுக்குக் கையெழுத்தப் போட்டுடும்மா. எப்பவும் கொஞ்சம் எடை ஒதுக்கி வச்சிருப்பீங்கல்ல?"

வைத்திருக்கிறேன்தான். வருஷா வருஷம் பெயின்ட் மேல் பெயின்ட் அடித்துக் கப்பல் கனக்கும், அதற்காக. போடவில்லை. ஆனால் அந்தக் கேப்டன் சொன்னது முள்ளாய்க் குத்திக்கொண்டே இருக்கிறது.

பிப்ரவரி 15

காலையிலேயே கப்பலுக்குப் போனேன். உச்சியில் அரை டன் ஏற வேண்டுமானால், உச்சியைவிடத் தாழ்வான மேல்தளத்திலிருந்து அதைப்போல மூன்று மடங்காவது இறங்க வேண்டும். எதை இறக்குவது? அறை அறையாகத் தட்டிப் பார்த்தேன்.

விருந்தினர் அறை. தலைமைப் பொறியாளரின் செல்லப்பிள்ளை. தேக்குப் பலகைச் சுவர், பித்தளை விளக்குகள், நடுவில் ஒரு மேஜை. வரைபடத்தில் மர மேஜை. தட்டினேன் — கல்! போர்க்கப்பலில் கல் மேஜை! அடப்பாவிகளா, ஃப்ரீசர் கேட்டவரை விரட்டினேனே!

பிப்ரவரி 16

மீட்டிங். அந்த அறையைக் காலி செய்தால் ஆன்டெனாவுக்குக் கையெழுத்து என்றேன்.

"பெரிய மனுஷங்க வந்தா எங்கம்மா உக்கார வைக்கிறது?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"நாற்காலியில சார்."

கேப்டன் சிரித்துவிட்டார். தலைமைப் பொறியாளர் அதன்பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. கேன்டீனில் இப்போது பக்கத்து மேஜையும் காலி.

ஏப்ரல் 3

கல் மேஜை இறங்கியது. ஆட்களால் ஆகாமல் கிரேன் வந்தது. அதே கிரேன் ஆன்டெனாவை உச்சிக்கு ஏற்றியது.

ஜூன் 20

சாய்வுச் சோதனை. சாய்ந்தால் கப்பல் நிமிருமா என்று அளந்து பார்ப்பது. காற்றே இல்லாத காலை. எல்லாரையும் இறக்கிவிட்டோம், மிஞ்சிய நாலைந்து பேரும் நின்ற இடத்தைவிட்டு அசையக்கூடாது. எடைக்கட்டிகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்தி, தூக்குகுண்டு எவ்வளவு விலகுகிறதென்று பார்த்தோம். கணக்குப் போட்டேன். மறுபடி போட்டேன்.

தேறிவிட்டது! தேவைக்கு மேலேயே கொஞ்சம்.

கரையில் காத்திருந்த தலைமைப் பொறியாளரிடம் சொன்னேன். "அப்ப என் மேஜை இருந்திருக்கலாமே!" இதுதான் என் பிழைப்பு. கவிழ்ந்தால் என் தப்பு, கவிழாவிட்டால் நான் கஞ்சம்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று அழுதேன். சந்தோஷம்தான். யாரிடம் சொல்வது? சந்தோஷத்துக்கும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறதே.

ஆகஸ்ட் 30

கப்பல் புறப்பட்டது. துறையில் குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நான் ஓரமாக நின்றேன். எனக்குக் கையசைக்க அதில் யாரும் இல்லை.

கயிறுகளை அவிழ்த்ததும் மேலே நின்றவர்கள் அத்தனை பேரும் இந்தப் பக்கக் கம்பிக்கு ஓடிவந்தார்கள். கப்பல் எங்கள் பக்கம் சாய்ந்தது. கொஞ்சம்தான்.

பக்கத்தில் கைக்குழந்தையோடு நின்ற பெண் என் கையைப் பற்றிக்கொண்டாள். "ஐயோ, சாயுதுக்கா! என் வீட்டுக்காரர் மேல நிக்கிறார்!"

"சாயத்தாம்மா செய்யும். உங்களையெல்லாம் பாக்க எல்லாரும் ஒரே பக்கம் வந்துட்டாங்கல்ல. நிமிர்ந்துடும்."

"நிஜமாவா?"

"நிஜமா."

விசில் ஊதினார்கள். அவரவர் வேலைக்குக் கலைந்து போனார்கள். கப்பல் மெல்ல நிமிர்ந்தது. அவள் என் கையை விடவில்லை. கப்பல் கண்ணுக்கு மறையும்வரை நானும் விடுவித்துக்கொள்ளவில்லை.