ஸ்டெல்லா டீச்சரின் ஆராதனைக்கு வருவதென்றால்

ஸம்றாட வாப்பா,

நம் மகளுக்குப் படிப்பித்த ஸ்டெல்லா டீச்சரின் அடக்க ஆராதனைக்கு நான் முந்திப் போகிறேன். சோறும் மீன் ஆணமும் மூடி வைத்திருக்கிறேன்.

"சேர்ச்சுக்கு நான் வந்து என்ன செய்யிற?" என்று காலையில் கோபப்பட்டீர்கள். ஒன்றும் செய்ய வேண்டாம். அஸர் தொழுதுவிட்டு வந்து, பின் வரிசை வாங்கில் உட்கார்ந்திருங்கள். பாட்டுக்கு எல்லாரும் எழும்பினால் எழும்புங்கள். ஜெபத்தின்போது பேசாமல் இருங்கள். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

செருப்பைக் கழற்றாதீர்கள். டீச்சரின் மகளுடைய கல்யாணத்துக்குப் போனபோது, பள்ளிவாசல் நினைப்பில் நான் வாசலிலேயே கழற்றிவிட்டேன். உள்ளே எல்லாரும் செருப்போடு. வெட்கத்தில் நின்றேன். "நானும் கழட்டுறன், வாங்க" என்று, பொண்ணுட தாயான டீச்சர் பட்டுச்சாறியோடு வெறுங்காலில் என்னோடு நடந்தார்.

வீட்டைப் பூட்டத் திறப்பு ஜன்னலடியில்.

இன்றைக்கும் மறந்து கழற்றிவிடுவேன் போலிருக்கிறது. கூட நடக்க நீங்களாவது வாருங்கள்.

ஜுனைதா